ஏழாவது கணக்கு

— கதவத் திறக்காத ரெனா. ரெண்டு மணிக்குத்தான வரச் சொல்லியிருக்காங்க? இன்னும் அரை மணி நேரம் கெடக்கு.

— வண்டிக்குள்ள மூச்சு முட்டுதுப்பா.

— கண்ணாடிய இறக்கு.

— இறங்க மாட்டேங்குது.

— இறங்கும். மேல ஒரு கைய வச்சு அமுக்கிக்கிட்டே சுத்து. ஆங், அப்படித்தான். இந்தா, ரொட்டியில பாதி. உங்கம்மா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கட்டிக் குடுத்தா.

— வேணாம்.

— காலையிலயும் ஒண்ணும் திங்கல நீ.

— வேணாம்னா விடுங்களேன். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

— என்னத்த?

— கணக்கு எடுக்கிற ஹாலோவே மிஸ் எதுக்கு நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்பிட்டிருக்காங்கன்னு.

— சொல்லல. இன்னிக்குக் கணக்கு வகுப்பு இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. ஆஸ்பத்திரியில துணி மடிக்கிற இடத்துல எல்லார்கிட்டயும் உன் பேச்சுதான் அவளுக்கு. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்துக்கிட்டே காலேஜும் படிக்கிறா, முப்பது கிரெடிட் வாங்கிட்டா, மே மாசம் பள்ளிக்கூடத்த முடிச்சதும் லெக்ஸிங்டன் யுனிவர்சிட்டியில நேரா ரெண்டாவது வருஷத்துல போய் உக்காருவான்னு. அந்த வாயக் கெடுப்பானேன்?

— கிரெடிட், கிரெடிட், கிரெடிட். எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே எரிச்சலா வருது.

— அட, என்ன கண்ணு இது?

— உங்களுக்கு என்ன தெரியும்? காலையில பதினோரு மணி வரைக்கும் நான் பள்ளிக்கூடத்துப் புள்ள. பாத்ரூம் போறதுக்குக்கூட கையத் தூக்கி, டீச்சர்கிட்ட சீட்டு வாங்கிட்டுப் போகணும். அங்கிருந்து நீங்க என்னக் கூட்டிட்டு வந்து இந்தக் காலேஜ் வாசல்ல இறக்கினா, பன்னெண்டு மணிக்கு நான் பெரிய மனுஷி. மிஸ் மேகர்ட்டுன்னு கூப்பிடுறாங்க. நடுவுல இருக்கிற ஒரு மணி நேரத்துல எங்க வச்சு நான் வளந்தேன்?

— சிரிப்பு வருது எனக்கு.

— சிரிங்க. நல்லாச் சிரிங்க. எங்க பள்ளிக்கூடத்துல பெட்ரி மேடம் என் படத்தப் பெருசாப் போட்டு வராந்தாச் செவுத்துல மாட்டியிருக்காங்க. கீழ முப்பதுன்னு சிவப்பு எழுத்துல. போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாதிரியார் என்ன எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கை தட்ட வச்சார். எத்தன, எத்தனன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. புரியுதான்னு ஒருத்தர் கேட்டதில்ல.

— நான் கேட்டேனே.

— எப்ப?

— செப்டம்பர்ல. ஒரு நாள் வகுப்பு முடிஞ்சு போறப்ப. பாலத்துல அந்த மரலாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நின்னோமே, அன்னிக்கு. என்ன ரெனா, அந்த டீச்சரம்மா சொல்றது புரியுதான்னு கேட்டேன். புரியுதுன்னு சொன்ன.

— சொன்னேன்.

— பின்ன?

— ஒண்ணுமில்ல. மணி என்ன?

— ஒண்ணு முப்பத்தி மூணு.

— இப்பதான் முப்பத்தி ரெண்டுன்னு இருந்துச்சு! நான் இறங்கிக் கொஞ்சம் நடந்துட்டு வரேன்.

— உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். நடந்துக்கிட்டு கேக்குற விஷயம் இல்ல அது.

— சொல்லுங்க.

— நான் பாத்தேன்.

— எத?

— உன் பேப்பர. நாம சேந்து எழுதின அந்தப் பரீட்சையில ஏழாவது கணக்கு எனக்கு வரல. இப்படித் தலையத் திருப்பினேன், உன்னோடது தெரிஞ்சுது. பாத்து எழுதிட்டேன்.

— நீங்களா?

— நான்தான்.

— என் பேப்பரயா?

— வேற யாரோடத? என் பக்கத்துல நீதான உக்காந்திருந்த?

— அப்பா...

— பேசுறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலமே டீச்சரம்மாவுக்கு போன் பண்ணி அப்படித்தான்னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா! என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம?

— உன்கிட்டக் கேட்டுத்தான் தப்பப் பண்ணினேனா, சொல்றதுக்கு உன்கிட்டக் கேக்க?

— உங்கள வெளிய அனுப்பிருவாங்கப்பா. சுரங்கம் மூடினதுல வேல போனவங்களுக்குன்னு குடுத்த எடம் இது. இருபது பேருக்குத்தான் குடுத்தாங்க. திருட்டுத்தனம் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தான உள்ள வந்தீங்க?

— அனுப்பட்டும். நாப்பத்தாறு வயசாச்சு. முப்பது வருஷம் கழிச்சுப் பள்ளிக்கூட பெஞ்சுல உக்காந்து பாத்தாச்சு. முதுகு வலிக்குது. போதும்.

— பொய். உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

— என்ன பிடிச்சுது?

— வகுப்புக்கு வர்ற அன்னிக்கு மட்டும் சட்டையத் தேச்சுப் போடுறீங்க. பென்சில் நாலையும் கத்தியால சீவி வரிசையா வைக்கிறீங்க. வகுப்புல முத ஆளாப் போய் உக்காருறீங்க. எனக்கே வெக்கமா இருந்துச்சு மொதல்ல.

— வெக்கமா? ஏன்?

— பதினேழு வயசுல அப்பாகூட ஒரே பெஞ்சுல உக்காந்தா வெக்கமா இருக்காதா? வீட்டுல ஒரு வண்டிதான் ஓடுது, ரெண்டு பேரும் ஒரே நேரத்து வகுப்புல சேந்தாத்தான் முடியும்னு அம்மா சொன்னப்ப நான் ஒரு நாள் பூரா அழுதேன்.

— அது எனக்குத் தெரியாது.

— தெரிய வேணாம்னுதான் குளிக்கிற ரூம்ல போய் அழுதேன்.

— சரி, விடு. இனி உனக்கு அந்த வெக்கம் இல்ல. நீ மட்டும் வரலாம்.

— எதுல வர்றது? நடந்தா?

— நான் கொண்டுவந்து விடுறேன். வெளிய வண்டியிலயே தூங்கிக்கிட்டுக் கெடப்பேன். எனக்கென்ன?

— அப்பா, நான் உள்ள போய் நானே பேசிக்கிறேன். நீங்க இங்கயே இருங்க.

— என்ன பேசுவ?

— தெரியல.

— தெரியலல்ல? அப்ப வாய மூடிக்கிட்டு உக்காரு. நான் சொல்றதக் கேட்டுக்க. பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துல நீ விழுந்தா அடுத்த வருஷம் எவனுக்கும் ஞாபகம் இருக்காது. இங்க அப்படியில்ல. மொத நாள் அந்தம்மாவே சொன்னாங்கள்ல? வயசு பதினேழா இருந்தாலும் இங்க மார்க்குன்னு விழுற எழுத்து, ஏவோ எஃப்போ, காலேஜ் எழுத்து. எங்க போனாலும் கூடவே வரும். லெக்ஸிங்டன்காரங்க மொதல்ல கேக்குறதே அந்த மார்க் தாளத்தான். எனக்கு எந்தத் தாள் கூட வரப்போகுது? செத்தா டாக்டர் எழுதிக் குடுக்கிற தாள்தான்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க.

— சரி பேசல. ஆனா நீயும் பேசாத. கேட்டா, என் வேலைய நான் பாத்தேன் மிஸ், அப்பா பாத்தது எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. முடிஞ்சுது.

— அவங்க நம்பணுமே.

— ஏன் நம்ப மாட்டாங்க? ஒரு பக்கம் செவுத்துல படம் தொங்குற புள்ள. இன்னொரு பக்கம் ஒன்பதாவதோட ஓடிப்போனவன். இந்தக் கிழக்குக் கென்டக்கியில யார வேணும்னாலும் கேளு, யாரு யாரப் பாத்து எழுதியிருப்பாங்கன்னு.

— மணி?

— நாப்பத்தி எட்டு. வா, போலாம். சட்டையில ரொட்டித் தூள் இருக்கா பாரு.

— இருக்கு. இருங்க, தட்டி விடுறேன்.

— உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?

— குளுருது.

— மூச்சு முட்டுதுன்னு கண்ணாடிய இறக்கினது நீதான். வா.

— மிஸ்டர் மேகர்ட்டா? உள்ள வாங்க. ரெனா, நீங்களும் வாங்க. கதவச் சாத்திட்டு உக்காருங்க.

— கும்பிடுறேன் டீச்சரம்மா. அவள நீன்னே சொல்லுங்க, சின்னப் பொண்ணுதான.

— உங்க வீட்டுல சின்னப் பொண்ணு. இந்தக் கட்டடத்துக்குள்ள அவங்க காலேஜ் மாணவி. அவங்க வாங்கின மார்க்க உங்ககிட்ட சொல்றதுக்கே அவங்க சம்மதம் வேணும். ரெனா, உங்க அப்பா முன்னாடி உங்க பேப்பரப் பத்திப் பேசலாமா? இஷ்டம் இல்லன்னா அவர வெளிய இருக்கச் சொல்றேன்.

— பேசலாம் மிஸ்.

— இதுல ஒரு கையெழுத்து போடுங்க. நன்றி. சரி, ரெண்டு பேப்பரும் இதோ இருக்கு. ஏழாவது கணக்கப் பாருங்க. தொட்டி நிறையத் தண்ணி. ஒரு பம்ப் தனியா ஓடினா எட்டு மணி நேரத்துல காலி பண்ணும். இன்னொண்ணு ஆறு மணி நேரத்துல. ரெண்டையும் சேத்து ஓட்டினா எவ்வளவு நேரம்னு கேட்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்க. கடைசி வரியில நாப்பத்தெட்டப் பதினாலால வகுக்கணும். ரெண்டு பேருமே எண்ணத் திருப்பிப் போட்டு எண்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் ஆறு மணி நேரம்னு விடை வந்திருக்கு.

— அதான் போன்ல சொன்னேனே. அவளப் பாத்து எழுதினேன். அவ கை தவறி எழுதினதையும் அப்படியே எழுதிட்டேன். மண்டையில ஒண்ணும் இல்லாதவன் அப்படித்தான எழுதுவான்?

— நீங்க சொன்னத எழுதி வச்சிருக்கேன். டீனுக்கு இன்னும் அனுப்பல.

— அனுப்பிருங்க டீச்சரம்மா. அவளுக்கு ரெண்டரைக்கு வேற வகுப்பு இருக்கு.

— எனக்கு ஒண்ணு இடிக்குது. இந்தக் கணக்குக்கு நான் சொல்லிக்குடுத்த வழி வேற. நான் பின்னம் போடச் சொன்னேன். இதுல பின்னமே இல்ல. தொட்டியில நாப்பத்தெட்டாயிரம் காலன் இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டு, மணிக்கு இந்தப் பம்ப் இவ்வளவு இறைக்கும், அந்தப் பம்ப் இவ்வளவு இறைக்கும்னு கூட்டியிருக்கு. அழகான வழி. புத்தகத்துல இல்ல. இது யாரோட வழி?

— அவளோடதுதான். கெட்டிக்காரி.

— ரெனா, இது உங்க வழியா?

— மிஸ்...

— அவளுக்குக் கூச்சம் டீச்சரம்மா. புகழ்ந்தா பேச்சு வராது.

— மிஸ்டர் மேகர்ட், கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பலகைகிட்ட வரீங்களா? இந்தாங்க சாக்பீஸ். ஒரு பம்ப் மூணு மணி நேரம். இன்னொண்ணு ஆறு மணி நேரம். சேத்து ஓட்டினா?

— இப்பவா?

— அவசரம் இல்ல. யோசிச்சுப் போடுங்க.

— மூணும் ஆறும் ஒன்பது. ஒன்பது மணி நேரம்.

— ஒன்பதா?

— ஒன்பது.

— நீங்க சேந்தப்ப எழுதிக் குடுத்த தாள் என்கிட்ட இருக்கு. என்ன வேலை பாத்தீங்கன்னு எழுதியிருக்கீங்க. சுரங்கத்துல பம்ப் பாக்குற வேலை. பத்தொன்பது வருஷம்.

— ஆமா. பம்பப் போடுவேன், அணைப்பேன். அதுக்குக் கணக்கு எதுக்கு?

— சுரங்கத்துல தண்ணி ஏறிருச்சுன்னு வச்சுக்கங்க. ஒரு பம்ப் மூணு மணி நேரத்துல வத்த வச்சிரும். அவ்வளவு நேரம் தாங்காதுன்னு இன்னொரு பம்பையும் இறக்குறீங்க. இப்ப ஒன்பது மணி நேரம் ஆகுமா?

— ஆகும்.

— ரெண்டாவது பம்ப இறக்கினா நேரம் கூடுமா?

— கூடும்.

— கீழ ஆள் இருக்காங்க மிஸ்டர் மேகர்ட்.

— கூடும்னு சொல்றேன்ல? எனக்குக் கணக்கு வராது டீச்சரம்மா. எழுதிக்கங்க. வெர்லின் மேகர்ட்டுக்குக் கணக்கு வராதுன்னு பெருசா எழுதி அனுப்புங்க.

— அப்பா, போதும்.

— நீ சும்மா இரு ரெனா.

— சாக்பீஸக் கீழ வைங்கப்பா. மிஸ், அந்தக் கணக்குக்கு விடை என்னன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா ஒன்பது இல்லன்னு அவருக்குத் தெரியும்.

— ரெனா! உக்காருன்னு சொன்னேன்.

— உக்கார மாட்டேன். அவர் பேப்பரப் பாத்து நான்தான் எழுதினேன் மிஸ். அவர் பாக்கல, நான்தான் பாத்தேன். அந்த நாப்பத்தெட்டாயிரம் காலன் எங்கருந்து வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. எழுதியிருந்துச்சு, எழுதிட்டேன்.

— ஏழாவது மட்டுமா?

— மூணாவதுலருந்து எல்லாமே.

— என்கிட்ட வந்திருக்கலாமே? நான் செவ்வாயும் வியாழனும் இந்த ரூம்லதான உக்காந்திருக்கேன்?

— அஞ்சு பாடம் எடுத்திருக்கேன் மிஸ். நாலாவது வாரத்துலருந்து கணக்கு ஒண்ணும் ஏறல. புரியலன்னு யார்கிட்டச் சொல்றது? சொன்னா அந்தப் படத்தக் கழட்டுவாங்க. அம்மா வேலை செய்ற எடத்துல கேப்பாங்க. ஒவ்வொரு நாளும், நாளைக்குப் புரிஞ்சுரும், நாளைக்குப் புரிஞ்சுரும்னு இருந்துட்டேன். பரீட்சை வந்துருச்சு.

— அவ பொய் சொல்றா டீச்சரம்மா. என்னக் காப்பாத்துறதுக்கு.

— மிஸ்டர் மேகர்ட், உக்காருங்க. தயவு செஞ்சு உக்காருங்க. ரெனா, இதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு தெரியுமா?

— தெரியும்.

— நான் டீனுக்கு எழுதணும். நான் உங்களுக்குச் சாதகமா எழுதுவேன், நீங்களா வந்து சொன்னீங்கன்னு எழுதுவேன். ஆனாலும் இந்தப் பாடத்துல ஃபெயில்னு எஃப் விழும். அது உங்க தாள்ல நிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் தகவல் போகும்.

— போகட்டும் மிஸ். எனக்கு இப்பதான் மூச்சு வருது.

— மறுபடியும் இதே பாடத்த எடுக்கலாம். பள்ளிக்கூடம் முடிச்சப்புறம் மெதுவா. ஒரே ஒரு பாடம் மட்டும்.

— சரி மிஸ்.

— மிஸ்டர் மேகர்ட், நேத்து நீங்க போன்ல சொன்னத நான் கிழிச்சுப் போட்டுர்றேன். பெத்த மனசு சொன்ன பொய்யின்னு விட்டுர்றேன். இது உங்க பேப்பர், உங்க மார்க். தொண்ணூத்தி மூணு. இந்த வகுப்புலயே இதுதான் அதிகம்.

— அதிகமா?

— உங்களுக்கு அடுத்த ஆளு எண்பத்தி ஒண்ணு.

— அப்பா! கேட்டீங்களா?

— நான் கேக்க வேண்டியது ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. விதி அப்படி, கேக்காம இந்தத் தாள மூட முடியாது. அவங்க உங்க பேப்பரப் பாக்குறது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சே விட்டிருந்தா அதுவும் பாத்து எழுதினதுக்குச் சமம்தான். உங்களுக்குக் குடுத்த எடம் போயிரும். தெரியாதுன்னா, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க எந்திரிச்சுப் போகலாம்.

— அவருக்குத் தெரியாது மிஸ். தலையக் குனிஞ்சா நிமிர மாட்டார். எனக்கு நல்லாத் தெரியும், அவருக்குத் தெரியாது.

— அவர்தான் சொல்லணும் ரெனா.

— அப்பா, சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. உண்மையத்தான கேக்குறாங்க?

— டீச்சரம்மா... நான் பள்ளிக்கூடத்துல இருந்த ஒன்பது வருஷமும் கடைசி பெஞ்சுதான். எல்லாரும் எல்லாரோட தாளையும் எட்டிப் பாப்பாங்க. என்னோடத மட்டும் ஒருத்தனும் பாத்ததில்ல. அதுல என்ன இருக்கப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு மூணாவது கணக்குல இவ கண்ணு என் தாள் பக்கமா வந்துச்சு. யாரு? செவுத்துல படம் தொங்குற எம் பொண்ணு. என் தாளப் பாக்குறா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, ஏழாவதுல எண்ணு தலைகீழா விழுந்தது அதுனாலதான். தாள் மேல என் கை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு டீச்சரம்மா. நான்தான் அந்தக் கைய எடுத்தேன்.